குடிக்கும் முன் குடிக்கிற பவுடர்: வாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

சத்துவாச்சாரி வாசி:

போன தை மாதம் மாமா பையன் கல்யாணம், காட்பாடியில். ரிசப்ஷன் முடிந்து ஒன்பது மணிக்கு லாட்ஜ் மொட்டை மாடியில் ஜமா சேர்ந்தது. நான் எப்பவாவது கம்பெனிக்கு ஒரு கட்டிங் போடுகிற ஆள். அதற்கு மேல் போனால் மறுநாள் எழுந்திருக்க முடியாது, அதனால் போவதில்லை. அன்றைக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பன் ஒரு கவர் நிறைய பவுடர் பாக்கெட் கொண்டுவந்திருந்தான். ஆரம்பிக்கும் முன் ஒன்று, முடித்த பிறகு ஒன்று தண்ணீரில் கலக்கிக் குடித்தால் காலையில் தலைவலியே இருக்காதாம். ஆரஞ்சு வாசனை, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பவுடர் மாதிரியே ருசி. பாக்கெட் பின்னால் பி வைட்டமின், அப்புறம் வாயில் நுழையாத ஏதோ ஒரு மூலிகைச் சத்தின் பெயர்.

அதைக் குடித்த தைரியத்தில் ஒரு குவாட்டர் முடித்து, மேலே ஒரு கட்டிங்கும் போட்டேன். இது என் வாழ்நாள் ரெக்கார்டு. ரெண்டாவது பாக்கெட்டையும் மறக்காமல் குடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலை ஐந்தரைக்கு மாமா எழுப்பினார். நேதாஜி மார்க்கெட் போய் மாலை வாங்கி வர வேண்டும், கார் நான்தான் ஓட்ட வேண்டும். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் சம்பங்கி வாசனை மூக்கில் ஏறியது பாருங்கள், வெளியே ஓடி வந்து சுவரோரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மண்டைக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி வலி. மாமா பக்கத்தில் வந்து, “என்னப்பா, பித்தமா?” என்றார். ஆமாம் மாமா என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பூக்காரம்மாவிடம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கையில் கொடுத்தார்.

எனக்கு மட்டும்தான் வேலை செய்யவில்லையா, எல்லோருக்கும் இப்படித்தானா?

ஆம்பூர் ஷூ கம்பெனி:

எங்கள் ஊரில் பவுடர் எல்லாம் கிடையாது. மறுநாள் காலை பிரியாணி, தொட்டுக்க கத்திரிக்காய். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் மதியம் சரியாகிவிடும். எப்படியும் மதியம் சரியாகத்தான் போகிறது, அது வேறு விஷயம்.

மருந்துக்கடை, பேர்ணாம்பட்டு:

சார், பதினோரு வருஷமாகக் கவுன்டரில் நிற்கிறேன். இந்தப் பாக்கெட்டுகள் இப்போது சனிக்கிழமை சாயந்திரம் நன்றாகப் போகின்றன. அடுத்த முறை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருக்கும். அது உணவுப் பொருளுக்கான லைசென்ஸ், மருந்துக்கு உள்ளது இல்லை. அமெரிக்காவில் 2020ல் இப்படி ஹேங்ஓவரைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்ற ஏழு கம்பெனிகளுக்கு அரசு மருந்துத் துறையே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆட்கள் இதுவரை நடந்த 21 சோதனைகளை எடுத்து அலசினார்கள். நம்பிச் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை என்றார்கள். ஒரே மருந்தை ரெண்டு பேர் சோதித்துப் பார்த்ததாகக்கூட அதில் இல்லை.

நான் கடையில் சொல்கிற கணக்கு இது. குவாட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 61 கிராம். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். மோர் குடித்தாலும் பிளாக் காபி குடித்தாலும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் அதன் வேகம் அதுதான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் அடித்தவர் காலை ஆறு மணிக்குத்தான் ஏறக்குறைய காலியாகிறார். தலைவலி அதற்கப்புறம்தான் முழுசாக ஏறும், ஏனென்றால் ரத்தத்தில் சரக்கு இறங்க இறங்கத்தான் ஹேங்ஓவர் வெளியே வரும். உங்கள் பவுடரில் இருக்கிற உப்பும் அதைக் கலக்குகிற தண்ணீரும் நாக்கு வறட்சிக்கு நல்லது. அதற்கு ஒரு சொம்பு தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும்.

இன்னொன்று. பவுடரோடு பாராசிட்டமால் 650 சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. தொடர்ந்து குடிக்கிறவர் என்று முகத்திலேயே தெரிந்தால் நான் கொடுப்பதில்லை. அதுவும் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். வேறு வலி மாத்திரை கேட்டால் வயிறு புண்ணாகும் என்பேன். திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போவார்கள்.

குடியாத்தம் அக்கா:

தம்பிகளா, தலைவலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைவலியே வராது, அதுதான் பிரச்சினை. கூடவே ஈரல் டானிக் ஒரு பாட்டில், காலையில் கீழாநெல்லி. “எப்பவாவதுதானே, மருந்தும் சாப்பிடுறேனே” என்பார். போன சித்திரையில் வயிறு உப்புசம் என்று வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. மாசத்துக்கு எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். இவர், ரெண்டு என்றார். நான் பால் கணக்கு எழுதுகிற காலண்டரைப் பையிலிருந்து எடுத்தேன். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, இவர் குடித்துவிட்டு வந்த நாளுக்குச் சின்ன வட்டம். பதினொன்று இருந்தது. டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. டானிக்கைக் காட்டினேன். அதை ஒருபுறம் தள்ளி வைத்துவிட்டு, “குடியை விட்டால் இந்தக் கொழுப்பு தானாகவே குறைய ஆரம்பிக்கும், விடாமல் டானிக் மட்டும் குடித்தால் குறையாது” என்றார். இவ்வளவு வரை குடித்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்னதையும் அவர்தான் சொன்னார்.

வைகாசி சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடியது, இவர் கூட்டாளிகளும் வந்தார்கள். அன்றைக்கு வட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் இதுவரை மூன்று வட்டம்தான்.

சத்துவாச்சாரி வாசி:

மருந்துக்கடை அண்ணா, உங்கள் கணக்கை எனக்குப் போட்டுப் பார்த்தேன். குவாட்டரும் கட்டிங்கும் சேர்த்து 270 மில்லி, 91 கிராம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஐந்தரை வரை எட்டரை மணி நேரம். மணிக்கு எட்டு என்று தாராளமாக வைத்தாலும் 68தான் போயிருக்கும், 23 மிச்சம். 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். என் எடைக்கு அந்த 23 கிராம் அதைத் தாண்டுகிறது. போகும்போது தலைவலி இல்லையே என்று பவுடரை மெச்சிக்கொண்டேன், அப்போது எனக்கு மப்பே இறங்கவில்லை. திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் நன்றாகவே வேகமாக வந்தேன். மாமா பின் சீட்டில் ரெண்டு மாலையையும் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.