புரோஜெஸ்டினுக்குத் தமிழ்ச் சொல்: 'கரு' வேண்டாம், 'நிகரி' போதும்

வணக்கம்.

புரோஜெஸ்டின் என்பது உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் இயக்குநீரின் (ஹார்மோனின்) வேலையைச் செய்யும் மருந்து வகை. அதற்குத் தமிழில் 'செயற்கைக் கருக்காப்பு இயக்குநீர்' என்று வந்த பரிந்துரையை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரிப்படவில்லை. காரணம் சொல்வதற்கு முன்னால் வீட்டில் நடந்த ஒன்று. அக்காவுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் அடிவயிற்றிலும் ஒட்டி வளரும் நோய், மாதவிலக்கு வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். டாக்டர் டையனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டின் 2 மி.கி. எழுதிக் கொடுத்தார், தினம் ஒன்று. மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கருத்தடை மாத்திரைம்மா" என்றார், பக்கத்தில் மாமியார் நிற்கும்போது. பேரக்குழந்தைக்குக் காத்திருக்கும் வீடு. அப்புறம் பத்து நாள் அவள் அந்த அட்டையைத் தொடவே இல்லை.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. அதே டையனோஜெஸ்ட் ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு பெண் இயக்குநீரோடு சேர்ந்தால் கருத்தடை மாத்திரை, தனியாக 2 மி.கி. என்றால் இந்த நோய்க்கு. அதனால்தான் பெயரில் 'கரு' வரக்கூடாது என்கிறேன். 'கருக்காப்பு' என்றால் ஒருவர் கருத்தடை என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் கருவைக் காப்பாற்றும் மருந்து என்று நினைப்பார், அக்கா கையில் இருந்த மாத்திரை இரண்டும் இல்லை. தொடர்ந்து சாப்பிட்டால் சினைமுட்டை வெளிவருவது அடங்கும், ஈஸ்ட்ரோஜென் குறையும், அந்தத் திசு மெலிந்து சுருங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் நேராக வந்ததில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் ஆலனும் பன்றியின் சினைப்பையில் உள்ள மஞ்சள் உடலிலிருந்து (சினைமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திசு) சாறு எடுத்து, 1930 வாக்கில் அந்த இயற்கைச் சாற்றுக்குத்தான் புரோஜெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் லூட்டியோஸ்டிரோன் என்றார்கள். 1935-இல் லண்டனில் கூடி இரண்டையும் கலந்து புரோஜெஸ்டிரோன் என்று முடிவு செய்தார்கள், பழைய பெயர் பின்னால் செயற்கை வகைகளுக்குப் போய்விட்டது. இப்படி இடம் மாறிய சொல்லை வேர் பிரித்து மொழிபெயர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

'செயற்கை'யும் பொருந்தாது. ஆய்வகத்தில் செய்த புரோஜெஸ்டிரோன் என்றே தனியாக ஒன்று உண்டு, அது உடம்பில் சுரப்பதன் அச்சு அசல். புரோஜெஸ்டின் வேறு மூலக்கூறு, ஆனால் அதே ஏற்பியில் (இயக்குநீர் வந்து ஒட்டும் இடம், ரிசெப்டர்) போய் உட்காரும். 1979-இல் கிழக்கு ஜெர்மனியின் யேனாவில் டையனோஜெஸ்டை உருவாக்கியபோது, நோரெத்திஸ்டிரோன் என்ற பழைய புரோஜெஸ்டினில் எத்தினைல் என்ற அணுக்குழு இருக்கும் 17-ஆம் கார்பனில் சயனோமெத்தில் என்ற வேறொரு குழுவை வைத்தார்கள். (நோரெத்திஸ்டிரோன் நம் வீடுகளுக்குப் பழக்கம்தான், கல்யாணம் கோயில் என்றால் நாள் தள்ளிப்போட வாங்குகிற மாத்திரை.)

இதற்கு இலக்கணத்தில் கச்சிதமான சொல்லே இருக்கிறது: போலி. அறம் அறன் ஆனாலும், பந்தல் பந்தர் ஆனாலும் எழுத்துதான் மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் 'போலி மாத்திரை' என்று எந்த டாக்டர் நோயாளியிடம் சொல்வார்? ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவளிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. 'கருவேற்பி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார், ஏற்பி என்பதை ரிசெப்டருக்குக் கொடுத்துவிட்டோமே.

ஆகவே என் பரிந்துரை 'புரோஜெஸ்டிரோன் நிகரி'. நிகர் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல், ஈஸ்ட்ரோஜென் நிகரி, இன்சுலின் நிகரி என்று நீட்டலாம். இயற்கை, செயற்கை இரண்டையும் அடக்கும் புரோஜெஸ்டோஜெனுக்கு 'புரோஜெஸ்டிரோன் வகை' போதும். எண்டோமெட்ரியோசிஸுக்கு 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்று இருப்பதில் கடைசியில் 'நோய்' சேர்த்துவிடுங்கள், இப்போது அது ஒரு படலத்தின் பெயராகத்தான் நிற்கிறது.

மருந்தோடு தரும் தாளில் முதல் வரி இப்படி வரட்டும்: "இது ஒரு புரோஜெஸ்டிரோன் நிகரி. கருப்பைக்கு வெளியே வளர்ந்த திசுவைச் சுருக்கி வலியைக் குறைக்கத் தரப்படுகிறது." இலங்கை நண்பர்களே, நீங்கள் ஹார்மோனை ஓமோன் என்று எழுதுகிற பாடநூல் நடையில் 'நிகரி' ஒட்டுமா? வேறு நல்ல சொல் அங்கே புழக்கத்தில் இருந்தால் என்னுடையதை விட்டுவிடத் தயார்.