எவர்சில்வர் காருக்கு வண்ணம் பூசிய அனுபவம்

1985-இல் வெளிவந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் கால இயந்திரமாக வரும் டெலோரியன் காரின் 1/24 மாதிரியை (உண்மைக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு) ஏழு மாதங்கள் செலவிட்டு முடித்தேன். இதைச் செய்ய எண்ணும் நண்பர்களுக்காக, நான் மிகவும் தடுமாறிய ஓர் இடத்தைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது உடற்பகுதியின் நிறம்.

வடக்கு அயர்லாந்தின் டன்மரியில் தயாரான டெலோரியன் காரின் வெளித்தகடுகள் வண்ணம் பூசப்படாத எவர்சில்வரால் ஆனவை. எனவே, வண்ணம் பூசியிருப்பதே தெரியாதபடி பூசுவதுதான் இங்கே வேலை. முதலில் அக்ரிலிக் வெள்ளி வண்ணத்தை அடித்தேன். உலர்ந்ததும் அது வெள்ளி நிறக் கார் என்று தெரிந்ததே தவிர, உலோகமாகத் தெரியவில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கினேன். அடுத்து முயன்ற குரோம் பூச்சு அதைவிடப் பெரிய பிழை. பலர் இந்தக் காரைக் கண்ணாடிபோல் மின்னச் செய்துவிடுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை.

விடை எங்கள் சமையலறையில் இருந்தது. எவர்சில்வர் தட்டில் முகம் தெரியும். பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டியில் தெரியாது. தொட்டியின் மேல் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள், விளக்கொளியைத் தமக்குக் குறுக்காக நீட்டிக் காட்டுகின்றன. டெலோரியனின் தகடும் இவ்வகைதான்.

மூன்றாம் முறை பளபளப்பான கறுப்பை அடித்தளமாகப் பூசி, அது நன்கு இறுகும்வரை இரண்டு நாள் காத்திருந்து, அதன்மேல் உலோக நிற லாக்கர் வண்ணத்தை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், கறுப்பு மெல்ல மெல்ல மறையும்படி நான்கு பூச்சுகளாக அடித்தேன். பிறகு தேய்ந்துபோன 3000-ஆம் எண் வாட்டர் பேப்பரால் (மிக நுண்ணிய உப்புத்தாள்), தண்ணீர் தொடாமல், கையின் கனம் விழாமல் ஒரே திசையில் வருடினேன். விளிம்புகளில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வலக்கதவின் ஓரத்தில் கறுப்பு வெளிப்பட்டதால், அந்தக் கதவை மட்டும் மறைப்பு நாடா ஒட்டிப் பிரித்து மறுபடியும் அடிக்க நேர்ந்தது. மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசவில்லை. அது உலோகத்தின் உயிரைக் குறைத்துவிடும்.

மற்ற வேலைகள் பொறுமையை மட்டுமே கேட்டன. பின்பக்கத்து வயர்களுக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய அரை மில்லிமீட்டர் செப்புக் கம்பி மிகவும் பொருந்தியது. உண்மை அளவில் அது 12 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம், வளைத்தால் வளைத்தபடியே நிற்கும். உள்ளே காலத்தைக் காட்டும் மூன்று வரிகளில் மேலே சிவப்பு, நடுவில் பச்சை, கீழே மஞ்சள் என்று ஊசி முனையால் புள்ளிகள் வைத்தேன்.

மேல்நோக்கித் திறக்கும் கதவுகளை அசையும்படி விட்டால், ஒவ்வொரு முறையும் கூரையோரத்துப் பூச்சு உரசிப்போகிறது. ஆகவே இடக்கதவைத் திறந்த நிலையிலும் வலக்கதவை மூடிய நிலையிலும் ஒட்டிவிட்டேன். அந்த மூன்று வண்ணப் புள்ளிகளும் இப்போது இடப்பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிகின்றன.