கியோட்டோ ஹெய்யான் ஜிங்கு தோட்டம்: நவம்பர் கடைசியில் தனியாக நடக்க எந்த நேரம், எந்த வழி?

தாமரைக்குளம்:
நவம்பர் கடைசி வாரத்தில் கியோட்டோவில் ஒரு முழு நாள் இருக்கிறது. கூட யாரும் இல்லை. கூட்டத்தோடு ஓடாமல், ஷின்டோ (ஜப்பானின் மரபு மதம்) கோவில் தோட்டம் ஒன்றில் நிதானமாக நடக்க வேண்டும். ஹெய்யான் ஜிங்குவின் ‘ஷின்என்’ தோட்டத்தை யோசித்து வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குப் போவது, எங்கே நிற்பது, இலைகள் அப்போது சிவந்திருக்குமா? மழை பெய்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கல்லும் நீரும்:
நல்ல தேர்வு. ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள். இது சிவப்பு இலைக்காகப் பேர்போன தோட்டம் இல்லை. நீரும் கல்லும்தான் இதன் உயிர். இலையை மட்டும் தேடிப் போகிறவர்கள் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள்.

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து பஸ் வேண்டாம், அந்த வாரம் சாலைகள் நெரியும். சப்வேயில் கராசுமா தடத்தில் ஏறி, கராசுமா ஒய்கேயில் டோசாய் தடத்துக்கு மாறி, ஹிகாஷியாமாவில் இறங்குங்கள். அங்கிருந்து ஷிரகாவா ஓடைக்கரையோடு வடக்கே பத்து நிமிட நடை. 24 மீட்டர் உயரச் சிவப்பு டோரி, அதாவது கோவிலின் நுழைவு வளைவு, கண்ணில் பட்டுவிடும். பெரிய பெட்டி இருந்தால் கியோட்டோ நிலைய லாக்கரில் காலையிலேயே போட்டுவிடுங்கள், நேரம் ஏறினால் காலி லாக்கர் கிடைக்காது.

தோட்டம் 8:30க்குத் திறக்கும். நவம்பரில் 16:30 வரைதான். கட்டணம் 600 யென். கோவில் முற்றத்தில் நுழைய காசு இல்லை, தோட்டத்துக்கு மட்டும்தான். பிரதான மண்டபத்தைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் நுழைவாயில். வழி மண்டபத்தின் முதுகுப்புறமாகச் சுற்றி வலது பக்கம் வந்து முடியும். தெற்கு, மேற்கு, நடு, கிழக்கு என்று நான்கு பகுதிகள், மொத்தம் சுமார் 33,000 சதுர மீட்டர்.

எல்லாரும் தவறுவது தெற்குப் பகுதியில். அது தொங்கு செர்ரி மரங்களின் இடம், நவம்பரில் வெறும் கிளைதான். அதைப் பார்த்ததும் “இவ்வளவுதானா” என்று நடையை வேகமாக்கிவிடுகிறார்கள், அந்த வேகத்திலேயே மேற்குக் குளத்தையும் கடந்துவிடுகிறார்கள். தெற்கில் ஐந்து நிமிடம் போதும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மேற்கில் பியாக்கோ குளத்தின் கரை ஜூனில் ஐரிஸ் பூக்களால் நிறைந்திருக்கும். இப்போது அது வெறுமையாக இருப்பதால்தான் குளத்தின் வடிவமே தெரியும். கரை எங்கும் நேராக ஓடாது. ஒவ்வொரு வளைவிலும் ஏதோ ஒன்று மறைந்து வேறொன்று வெளிப்படும். திரும்பிப் பார்த்துப் பார்த்து நடங்கள்.

நடுப்பகுதியில் சோரியு குளத்துக்குக் குறுக்கே ‘கர்யூக்யோ’ என்ற கல் வரிசை. படுத்த டிராகன் பாலம் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி காலத்தில் கியோட்டோவில் கட்டிய சஞ்சோ, கோஜோ பாலங்களின் கல் தூண்கள்தான் இவை. தோட்டத்தை வடித்த ஏழாம் ஓகாவா ஜிஹெய் அவற்றை நீரில் செங்குத்தாக நட்டு, மேல்முகத்தைப் படியாக்கிவிட்டார். உருளைக்கல், வட்ட முகம். கால் வைக்கும்போது கண் தானாகக் கீழே போகும், அப்போது கல்லுக்குக் கல் இடையில் வானம் தெரியும். எதிரே ஆள் வந்தால் இருவருக்கும் இடமிருக்காது. அதனால் முதல் அரை மணிக்குள் இங்கே வந்துவிட வேண்டும்.

கிழக்குப் பகுதியில் செய்ஹோ குளம், அதன்மேல் தைஹெய்காக்கு என்ற கூரைப் பாலம். இது கியோட்டோ அரண்மனையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. இருபுறமும் பலகை இருக்கை உண்டு. உட்காருவதற்கு இதுதான் இடம். தோட்டத்துக்கு வெளியே உள்ள ஹிகாஷியாமா மலையும் இங்கிருந்து காட்சிக்குள் சேர்ந்துவிடும். குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் சரியாக இருக்கும்.

இலைக்கணக்கு:
இலையைப் பற்றி நான் சொல்கிறேன். இரவு வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் மொமிஜி என்ற ஜப்பானிய மேப்பிள் மரம் நிறம் மாற ஆரம்பிக்கும், 5ஐ ஒட்டினால் வேகம் பிடிக்கும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் இலையில் சர்க்கரை தங்கி, அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி நன்றாக உருவாகும். இலையுதிர்காலம் சூடாக நீண்டால் எல்லாம் தள்ளிப்போகும். கோடையில் காய்ந்திருந்தால் நுனி கருகிச் சுருளும், பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த இலை தேறாது. நீங்கள் சொல்லும் வாரம் கியோட்டோ நகருக்குள் பெரும்பாலும் உச்சம்தான். ஹெய்யானில் மொமிஜி ஆங்காங்கே நீரோரத்தில் நிற்கும். இலையின் முன்பக்கம் நின்று பார்க்காதீர்கள். வெயில் இலையைத் துளைத்து உங்கள் பக்கம் வரும்படி, மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரே மரம் இரண்டு நிறமாகத் தெரியும்.

நேரத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கிழக்குப் பகுதியில் மலை கிழக்கே இருக்கிறது. காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், மலை கருநிழலாகத்தான் தெரியும். 14:30 முதல் 15:30 வரை மேற்கு வெயில் மலைமேல் விழும்போதுதான் அதன் நிறங்கள் பிரியும். 16:50 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதற்கு வெகு முன்பே கீழே நிழல் ஏறிவிடும்.

சிவப்புதான் முக்கியம் என்றால் கிதானோ தென்மங்கு போங்கள். அதுவும் ஷின்டோ கோவில்தான். ஹிதெயோஷி 1591இல் நகரைச் சுற்றி எழுப்பிய மண்மேட்டின் மிச்சத்தில், காமியா ஓடையின் சரிவோடு சுமார் 350 மொமிஜி மரங்கள் நிற்கின்றன. ஓடைமேல் சிவப்பு மரப்பாலம் ஒன்று. மேட்டில் நடக்கும்போது மர உச்சி கண்மட்டத்தில் வரும், கீழே இறங்கினால் அதே மரங்கள் தலைக்குமேல். ஆனால் 25ஆம் தேதி மட்டும் வேண்டாம். மாதாமாதம் அன்று அங்கே சந்தை, தனிமை கிடைக்காது.

தாமரைக்குளம்:
மிக்க நன்றி. மழை பெய்தால் அந்தக் கல் வரிசையில் நடக்கலாமா? எந்தச் செருப்பு? கோவிலில் கும்பிடும் முறையும் சொல்லுங்கள்.

பாசிப்பாதை:
மழையில் தோட்டம் நன்றாகத்தான் இருக்கும். பாசி பளிச்சென்று எழுந்து நிற்கும், கூட்டமும் பாதியாகும். ஆனால் வழுவழுப்பான ஷூ வேண்டாம். கல்லைவிட ஆபத்து, கல்மேல் ஒட்டிய ஈர இலை. மொமிஜி இலை மெல்லியது, கல்லோடு படிந்துவிடும். மிதித்தால் இலை நழுவும், இலையோடு கால் போகும். இலை கிடக்கும் கல்லில் முழுப் பாதத்தையும் மெல்ல வைத்து, எடையை மாற்றிய பிறகே அடுத்த அடி எடுங்கள். குடையை மடக்கிவிட்டுக் கடங்கள், குடையைவிட மழைக்கோட்டு நல்லது. கல் வரிசை கட்டாயம் இல்லை, கரையோடு போகலாம். மற்ற இடமெல்லாம் சரளைப் பாதை. செருப்புப் போட்டால் கல் உள்ளே புகுந்து படுத்தும், மூடிய ஷூதான் சரி. காலையில் 5, 6 டிகிரி இருக்கும். நடக்கும்போது தெரியாது, பாலத்தில் உட்கார்ந்தால் தெரியும். கழுத்துத்துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பிடும் முறை: டோரிக்குள் நுழையும் முன் லேசாகத் தலைவணங்கி, ஓரமாக நடங்கள், நடுவழி தெய்வத்துக்கு உரியது. தண்ணீர்த் தொட்டியில் கரண்டியால் முதலில் இடது கை, பிறகு வலது கை. இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளியுங்கள், கரண்டியை வாயில் வைக்கக் கூடாது. கடைசியில் கரண்டியை நிமிர்த்தி மிச்ச நீரால் கைப்பிடியைக் கழுவி வையுங்கள். சன்னிதியில் நாணயம் போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனியுங்கள். கைதட்டல் ஷின்டோ கோவிலுக்கு மட்டும். அருகிலுள்ள நான்சென்ஜி போன்ற பௌத்தக் கோவிலில் தட்டாதீர்கள்.

கல்லும் நீரும்:
‘இலைக்கணக்கு’ சொன்ன வெளிச்சம் சரிதான். மலைதான் முக்கியம் என்றால் மாலை, கல் வரிசை வெறிச்சோடிக் கிடக்க வேண்டும் என்றால் காலை. தனியாகப் போகிறவருக்கு என் ஓட்டு காலைக்கே.

இன்னொன்று விட்டுப்போனது. இந்தக் குளங்களின் நீர் பிவா ஏரியிலிருந்து வருகிறது, 1890இல் முடிந்த கால்வாய் வழியாக. நீரோடு ஏரி மீன்களும் வந்து குடியேறின. ஏரியில் வெளிநாட்டு மீன்கள் பெருகி அரிதாகிவிட்ட ‘இச்சிமோஞ்சி தனாகோ’ என்ற சின்ன மீன் இங்கே பிழைத்துக் கிடக்கிறது. உயிருள்ள சிப்பிக்குள் முட்டையிடும் மீன் அது. அதனால் தைஹெய்காக்குவில் தடித்த கோய் (வண்ணக் கெண்டை) மீன்கள் வாய் பிளந்து வரும்போது அவற்றை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். நீரில் எதையும் போடாமல், பாலத்தின் நிழல் விழும் பக்கமாகக் குனிந்து கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். வானம் நீரில் பளபளக்காத இடத்தில்தான் அடி தெரியும்.