கலைச்சொல்: அலகுச் சோதனையில் வரும் ஃபிக்சருக்கு என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வேர்ட்பிரஸ் செருகுநிரல்களுக்கு அலகுச் சோதனை (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பது) எழுதுவது பற்றி ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். செருகுநிரல், அலகுச் சோதனை இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, சிக்கலில்லை. ஃபிக்சரில்தான் (சோதனைக்கு முன் ஏற்பாடு செய்து வைக்கும் நிலைமை) நின்றுவிட்டேன். பொருத்துபொருள், நிலைப்பொருள் என்றெல்லாம் எழுதிப் பார்த்தால் குழாயும் விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. 'களம்' என்று வைக்கலாமா? சோதனைக்கு முன் அதைத் தயார் செய்யும் செட்-அப் என்பது களம் அமைத்தல், முடிந்ததும் நீக்கும் டியர்-டவுன் என்பது களம் கலைத்தல். கருத்துச் சொல்லுங்கள்.

---

> 'களம்' என்று வைக்கலாமா?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, நண்பரே. ஆனால் களச்சோதனை என்றால் மென்பொருளை உண்மையான பயனர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது. நீங்கள் சொல்வது அதற்கு நேரெதிர். சோதனைக்களமும் களச்சோதனையும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் பாவம்.

முதலில் இந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பட்டறையில் ஃபிக்சர் என்பது, துளையிட வேண்டிய பாகத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே கோணத்தில் பிடித்து வைக்கும் அமைப்பு. மென்பொருளில் அப்படிப் பிடித்து வைப்பது சோதிக்கும் நிரலை அல்ல, அதைச் சுற்றியுள்ள நிலைமையை.

பதிப்பாசிரியர் மட்டுமே ஒரு இடுகையைப் பூட்டலாம் என்று உங்கள் செருகுநிரல் விதி வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதைச் சோதிக்க ஓர் இடுகை, ஒரு பதிப்பாசிரியர், பூட்ட உரிமையில்லாத ஒரு சந்தாதாரர் வேண்டும். மூன்றையும் சோதனைக்கு முன் உருவாக்குகிறோம். வேர்ட்பிரஸின் சோதனை வகுப்பு ஒவ்வொரு சோதனைக்கும் தரவுத்தளத்தில் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது அதில் செய்த மாற்றங்களையெல்லாம் திரும்பப் பெற்றுவிடும். மூன்றும் இருந்த சுவடே இருக்காது. அதனால்தான் சோதனைகளை எந்த வரிசையில் ஓட்டினாலும் முடிவு மாறக் கூடாது என்று எதிர்பார்க்க முடிகிறது.

சினிமாக்காரர்கள் செட் போடுகிறார்களே, அதேதான். காட்சிக்கு வேண்டியதை மட்டும் நிறுத்துவார்கள், எடுத்து முடித்ததும் பிரித்துவிடுவார்கள். ஆகவே என் பரிந்துரை 'அரங்கு'. செட்-அப் அரங்கமைப்பு, டியர்-டவுன் அரங்குப் பிரிப்பு.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. செருகுநிரல் வெளியே ஒரு கட்டணச் சேவையை அழைக்கிறது என்றால், சோதனையில் அதற்குப் பதில் வேறொன்றை நிறுத்துகிறோம். ஆங்கிலத்தில் டெஸ்ட் டபுள். சண்டைக் காட்சியில் நடிகருக்குப் பதில் குதிப்பவரை வைத்து வந்த பெயர் அது. நம்மிடம் 'டூப்' தயாராக இருக்கிறது. 'போலி' என்று எழுதினால் ஏமாற்று வாடை அடிக்கிறது.

---

வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பிஹெச்பி மொழிக்கு அரங்கு சரி. பைத்தான்காரர்கள் என்ன செய்வார்கள்? பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்டில் ஃபிக்சர் என்பது ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்). அதன் பெயரைச் சோதனையின் அளபுருவாக (பராமீட்டர்) எழுதினால் அது தருவது சோதனைக்குள் வந்து சேரும். ஒரே சோதனை நான்கைந்தை வாங்கிக்கொள்ளும். ஒரு சோதனைக்கு ஐந்து அரங்கா? பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவிலோ ஃபிக்சர் என்றால் தரவுத்தளத்தில் ஏற்றும் தரவுக் கோப்பு.

டூப் எனக்கு உடன்பாடில்லை. பாடநூலில் எப்படி எழுதுவது? 'பதிலி' போதாதா?

---

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று பொருளில் அலைகிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சோதனை நடக்கும் மொத்த நிலைமை அரங்கு. பைடெஸ்டில் தனித்தனியாக வாங்கிக்கொள்வது அரங்கப்பொருள். ஜாங்கோவின் கோப்பு அரங்குத் தரவு. வேர் ஒன்றாக இருப்பதால் உறவும் தெரியும்.

பதிலியை ஏற்கெனவே பலர் ப்ராக்சிக்கு (பிணையத்தில் இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சேவையகம்) எழுதுகிறார்கள். பிணையம் பற்றிய செருகுநிரலைச் சோதிக்கும்போது இரண்டும் மோதும். டூப்பை நான் விடுவதாக இல்லை. பாடநூலுக்கு வேண்டுமானால் 'சோதனைப் பதிலி' என்று முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், பேச்சில் டூப் தானாக வந்துவிடும்.

---

இருவருக்கும் நன்றி. அரங்கை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், தடுக்காமல் ஓடுகிறதா சொல்லுங்கள்:

"சோதனைக்கென்று தனித் தரவுத்தளம் வையுங்கள். ஓட்டத் தொடங்கும்போது அதிலுள்ள வேர்ட்பிரஸ் அட்டவணைகள் அழிக்கப்பட்டுப் புதிதாக நிறுவப்படும், எனவே பயன்பாட்டில் உள்ள தளத்தின் தரவுத்தளத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அரங்கமைப்பில் உருவாக்கிய இடுகைகளும் பயனர்களும் ரோல்பேக்கில் மறைந்துவிடும். வட்டில் எழுதிய கோப்புகள் பரிவர்த்தனைக்குள் அடங்காது. அவற்றை அரங்குப் பிரிப்பில் நீங்களே அழிக்க வேண்டும்."

வகுப்பிலுள்ள எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து ஒரே முறை போடுவதற்குப் 'பொது அரங்கு' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள், அப்புறம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.