தானே நீந்தும் நுண்குழல்: பாக்டீரியாவைப் பிடிக்க அது ஏன் ஓட வேண்டும்?

நுண்ணுயிர்_மாணவி:
முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடில் தானே ஓடும் நுண்குழல்களால் ஒரு துளி மாதிரியிலிருந்து ஈ.கோலையைப் பிடிப்பதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒன்றுதான் பிடிபடவில்லை. அது ஏன் ஓட வேண்டும்? பாக்டீரியாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியை அசையாத நுண்மணிமேல் ஒட்டிவைத்தால் பாக்டீரியா தானாக வந்து ஒட்டாதா?

குழலோட்டி:
வந்து ஒட்டும். எப்போது வரும் என்பதுதான் சிக்கல். அசையாத நீரில் ஒரு சிறிய மூலக்கூறு 1 மில்லிமீட்டர் பரவ ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். புரதத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நீந்தாத பாக்டீரியா என்றால் நாள்கணக்கு. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். குடுவையாக இருந்தால் கலக்கிவிடலாம், ஒரு துளிக்குள் கலக்கியை எங்கே போடுவது? துகளையே ஓடவிட்டால் அதுவே தேடும், அதுவே கலக்கும்.

குழலின் உள்சுவரில் உள்ள பிளாட்டினம் பெராக்சைடை உடைக்கிறது. ஆக்சிஜன் குமிழ்கள் ஒரு முனை வழியாக வெளியேற, குழல் எதிர்ப்பக்கம் நகர்கிறது. நுண்ணோக்கியில் பாருங்கள்: பின்னால் குமிழ்கள் வால்போல நீளும், கொஞ்சம் கோணலான குழல் சுருள்சுருளாகச் சுற்றும், ஒவ்வொரு குமிழும் அக்கம்பக்கத்து நீரை இழுத்துக்கொண்டே போகும். எனக்கு இதைப் பார்த்து அலுத்ததே இல்லை. வெளிச்சுவரில் லெக்டின் (பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பூசினால் ஈ.கோலை அதில் ஒட்டிக்கொண்டு கூடவே பயணிக்கும்.

ரத்தப்பரிசோதகர்:
குழலோட்டி சார், ரத்த மாதிரியில் இது ஓடுமா? எங்களுக்குத் தேவை அதுதான்.

குழலோட்டி:
நேரடியாக ஊற்றினால் ஓடாது சார். சிவப்பணுக்களில் கேட்டலேஸ் என்ற, பெராக்சைடை உடைக்கும் நொதி நிறைய இருக்கிறது. குழல் தொடுவதற்குள் அது எரிபொருளான பெராக்சைடைத் தின்றுவிடும். கந்தகம் உள்ள புரதங்கள் பிளாட்டினத்தின்மேல் படிந்து அதை மந்தமாக்கும். பிசுபிசுப்பு வேறு. 2004-இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்த 2 மைக்ரோமீட்டர் நீளத் தங்க-பிளாட்டினக் கம்பிகளுக்கு உப்பும் ஆகாது. அவை தாமே உண்டாக்கும் மின்புலத்தால் நகர்பவை, உப்பு அந்தப் புலத்தை அமுக்கிவிடும். குமிழ்க்குழல் உப்பை ஓரளவு தாங்கும். எனவே முதலில் நீர்த்துப்போகச் செய்யுங்கள், இல்லையென்றால் காந்தத்தால் நகர்த்தும் வகைக்குப் போங்கள். பெராக்சைடு பாக்டீரியாவையும் தாக்கும், பிடித்ததை வளர்த்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

நுண்ணுயிர்_மாணவி:
அப்படியானால் பிடிக்காமலேயே, ஓட்டத்தின் வேகத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா அண்ணா?

குழலோட்டி:
முடியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி அது. வெள்ளி அயனிகள் இருந்தால் தங்க-பிளாட்டினக் கம்பி வேகமெடுக்கும். சான்டியேகோவில் ஜோசப் வாங்கின் குழு, டி.என்.ஏ.வுடன் வெள்ளி நானோதுகளைக் கோத்து, கம்பியின் வேகத்தை வைத்தே அந்த டி.என்.ஏ.வைக் கண்டறிந்து 2010-இல் வெளியிட்டது. பிளாட்டினத்துக்குப் பதிலாக உள்ளே பூசிய கேட்டலேஸால் ஓடும் குழல்கள் பாதரசம் கலந்த நீரில் தளர்ந்துபோகும், அதனால் நீரின் நச்சைச் சோதிக்கலாம். அளவீட்டுக்கு நுண்ணோக்கியும் வீடியோவும் போதும். ஆனால் வெப்பநிலையும் பெராக்சைடின் செறிவும் மாறினாலும் வேகம் மாறும். அதனால் பக்கத்திலேயே ஓர் ஒப்பீட்டுத் துளி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் தலைப்புக்கு வருகிறேன் தங்கச்சி. எடுங்கள், ஆனால் முதல் வேலையாக நான்கு துளிகளை ஒப்பிடுங்கள்: ஓடும் குழல், எரிபொருள் இல்லாத அதே குழல், லெக்டின் பூசாத ஓடும் குழல், எரிபொருள் இல்லாமல் பிப்பெட்டால் மேலும் கீழும் உறிஞ்சிவிட்ட துளி. கடைசித் துளியிலும் அதே அளவு பாக்டீரியா ஒட்டியிருந்தால், ஓட்டத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

நுண்ணுயிர்_மாணவி:
நன்றி அண்ணா. பிப்பெட் துளியிலிருந்தே தொடங்குகிறேன். எத்தனை முறை உறிஞ்ச வேண்டும்?

குழலோட்டி:
குழல் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரமும் உறிஞ்சுங்கள். நேரம் சமமாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.