புதுப்பிப்பு: ரேடியேட்டர் விசில் நின்றுவிட்டது

டொரொன்டோவில் எங்கள் பழைய வீட்டில், மற்ற அறைகளின் வால்வு மூடியதும் அம்மாவின் அறை ரேடியேட்டர் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் கருவி) விசிலடிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே, சுடுநீரைச் சுற்றவிட வேகம் மாறும் பம்பு போட்டாயிற்று.

ப்ளம்பர் அதை நிலையான வேகத்திலேயே விட்டுப் போனதால் சத்தம் குறையவில்லை. பம்பின் பட்டனை அழுத்தி, வால்வுகள் மூட மூட பம்பின் அழுத்தமும் குறையும் முறைக்கு நானே மாற்றினேன். திரையில் 42 வாட் மெல்ல இறங்கி 11-இல் நின்றது. வேகம் பாதியானால் மின்தேவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடுமே! அன்றிரவு அம்மா விழிக்காமல் தூங்கினார்.

மாடியில் கடைசி ரேடியேட்டர் மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அழுத்தத்தை ஏற்றாதீர்கள், விசில் திரும்பிவிடும். கீழ்த்தள ரேடியேட்டர்களில் தண்ணீர் வெளியேறும் பக்க வால்வைக் கால் சுற்று இறுக்கினேன், சுடுநீர் மாடிக்கும் கூடுதலாகப் போய் அந்தக் கடைசி ரேடியேட்டரும் சூடேறிவிட்டது. வழிசொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.