சங்கக் காட்சியகம்: அலமாரிக்கு முன் பேரேடு

அன்புள்ள ஊரார் அனைவருக்கும்,

நம் நகரத்தார் சங்கக் கட்டட மாடியில் செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருள்களுக்கு ஒரு காட்சியகம் வைக்கலாம் என்ற யோசனைக்கு ஆதரவு மடல்கள் குவிகின்றன. எனக்கும் சம்மதம்தான். ஆனால் எல்லோரும் கண்ணாடி அலமாரி, விளக்கு, ஏசி என்றே பேசுகிறீர்கள். உள்ளே எதை வைப்பது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். 2023 மார்ச்சில் திறந்த அந்தக் கட்டடம் செட்டிநாட்டுப் பாணியிலேயே எழும்பியிருக்கிறது. பங்காளி வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருக்கும். கீழடி மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் பெயர் கீறியிருக்கிறது. எந்தக் குழியில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து வைத்ததால் அது வரலாறு ஆயிற்று. குறிப்பு இல்லாவிட்டால் வெறும் ஓட்டாஞ்சில்லு.

நம் வீட்டுப் பித்தளை அண்டாவின் விளிம்பைப் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய விலாசம், அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள், இருக்கும். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது வந்ததா, பங்கு பிரித்தபோது வந்ததா என்பதை அப்பத்தாக்கள்தாம் சொல்ல முடியும். அண்டா காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்விட்டால் விலாசம் அப்படியே இருக்கும், எந்த வீடு என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. கடைக்காரர்களைக் குறை சொல்ல வேண்டாம்; விற்றவர்கள் நாம்.

தூணுக்கும் கதவுக்கும் விலை உண்டு, எங்காவது பத்திரமாக நிற்கும். என் கவலையெல்லாம் காகிதத்தைப் பற்றியது. ரங்கூன், பினாங்கு கடைகளின் பேரேடு, ஐந்தொகை, ஆள் அனுப்பியபோது எழுதிய சம்பளச் சிட்டை, கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எல்லாவற்றையும் கரையான் தின்றது போக மிச்சத்தை எடைக்குப் போடுகிறோம். கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. பக்கத்து ஊர்க்காரர் சேர்த்ததன் அருமையைச் சிகாகோவிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருந்தது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

ஆகவே அலமாரிக்கு முன் பேரேடு போடுவோம். அடுத்து ஊருக்குப் போகிறவர்கள் எதையும் இடம் மாற்ற வேண்டாம். படம் எடுங்கள், விலாசம், எந்தப் புள்ளிக்கு (மணமான குடும்பத்துக்கு) உரியது, எந்த அறையில் இருந்தது, எதற்குப் புழங்கியது என்று எழுதுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடான வளவில் பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறக்கப் பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். அந்த ஒப்புதலை வாங்குவதற்குள் இரண்டு காட்சியகம் கட்டிவிடலாம். அதனால் ஒப்புதல் கேட்டுப் பங்காளிகளுக்குக் கடிதம் இப்போதே போகட்டும்.

கணக்கேட்டில் மாகாணி (1/16), அரைக்கால் (1/8) போன்ற பழைய பின்னக் குறிகளைப் படிக்கத் தெரிந்த ஐயாக்கள் யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். முதல் வேலை அவர்களுடன்தான்.